முற்றத்து இலைக்குத் தீ வைத்தாலும் குற்றமா?

மாலை ஆறு மணி. லயத்து வீடுகளின் பின்புறம் ஈர்க்கு விளக்குமாறு மண்ணை உரசும் ஓசை கேட்கும். கூட்டிச் சேர்த்த ரம்புத்தான் இலை, முருங்கைக் குச்சி, தேங்காய் மட்டை, அவற்றோடு இரண்டு மூன்று பிளாஸ்டிக் பைகள். ஒரே ஒரு தீக்குச்சி. கொஞ்ச நேரத்தில் புகை தாழ்வாகக் கிளம்பி வீட்டுக்கு வீடு நுழையும். கேட்டால், கொசு போகட்டும் என்பார்கள்.

தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் இந்தக் காட்சி புதிதல்ல. என் பாட்டி வீட்டிலும் இதுதான் வழக்கம். தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிபெயர்ந்தபோது, விளக்குமாற்றோடு இந்தப் பழக்கமும் கூடவே வந்துவிட்டது. வேறுபாடு ஒன்றுதான். தோட்டத்தில் புகை ரப்பர் மரங்களுக்குள் போய்க் கரைந்தது. தாமானில் அது நேராகப் பக்கத்து வீட்டுச் சன்னலுக்குள் போகிறது.

நம் வீட்டு இலையை நம் முற்றத்தில் கொளுத்துவதற்கு யாரைக் கேட்க வேண்டும் என்று நினைப்பவர்கள் நம்மில் பலர். கேட்க வேண்டியதில்லை என்பது அவர்கள் எண்ணம். சட்டத்தின் பதில் வேறு. அது நாம் நினைப்பதைவிடக் கடுமையானதும்கூட.

புகைந்தாலே போதும்

நாட்டின் சுற்றுச்சூழலுக்கான மூலச் சட்டம், 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் (சட்டம் 127). திறந்தவெளியில் எரித்தல் என்றால் என்ன என்பதை இந்தச் சட்டமே விளக்குகிறது. திறந்த வெளியில் ஏற்படும் எந்தத் தீயும், எரிதலும், கனன்று புகைதலும், அதன் புகை ஒரு புகைபோக்கியின் வழியாகச் செலுத்தப்படாவிட்டால், திறந்தவெளி எரிப்புதான்.

இந்த விளக்கத்தில் இரண்டு செய்திகள் அடங்கியுள்ளன. முதலாவது, கொழுந்துவிட்டு எரிய வேண்டிய அவசியமில்லை. மேலே தண்ணீர் தெளித்து, உள்ளே கனன்று புகைந்துகொண்டிருக்கும் குவியலும் அதில் அடங்கும். இரண்டாவது, இவ்வளவு கிலோவுக்கு மேல் எரித்தால்தான் குற்றம் என்ற அளவு எதுவும் அந்த விளக்கத்தில் இல்லை. ஒரு கூடை இலைக்கும் ஒரு லோரி குப்பைக்கும் ஒரே பெயர்தான்.

நான் டிரம்மில் போட்டுத்தானே எரிக்கிறேன் என்று சிலர் சொல்வதுண்டு. பழைய எண்ணெய் டிரம்மின் பக்கங்களில் ஓட்டை போட்டு, அதை ஒரு பாதுகாப்பான ஏற்பாடாகவே கருதுகிறார்கள். தீ பரவாமல் இருக்க அது உதவலாம். ஆனால் வாய் திறந்த டிரம்முக்குப் புகைபோக்கி கிடையாது. சட்டத்தின் கண்ணில் அதுவும் திறந்தவெளிதான்.

இந்தத் தடை எப்படி வந்தது என்பது நம் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். 1997இல் நாட்டைச் சூழ்ந்த புகைமூட்டத்தின்போது, எதிர் வரிசைக் கடை கண்ணுக்குத் தெரியாத நாட்கள் இருந்தன. அதற்கு அடுத்த ஆண்டு, 1998இல், சட்டத்தில் 29A என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. திறந்தவெளியில் எரிப்பதைத் தடைசெய்வது இந்தப் பிரிவுதான். குற்றம் நிரூபிக்கப்பட்டால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தம் அபராதத்தின் உச்சவரம்பை 10 லட்சம் ரிங்கிட்டாக, அதாவது ஒரு மில்லியனாக, உயர்த்தியது.

ஒரு மில்லியன் என்றதும் பலர் சிரிப்பார்கள். இலை எரித்த பாட்டியிடம் ஒரு மில்லியன் கேட்பார்களா? அது நீதிமன்றம் விதிக்கக்கூடிய உச்சத் தொகை. பெரிய நிலங்களைத் தீயிட்டுத் துப்புரவு செய்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சிறிய குற்றங்களை நீதிமன்றம் வரை கொண்டுபோகாமல் கொம்பாவுண்ட் என்னும் உடனடி அபராதத்தோடு முடித்துக்கொள்ளும் வழியும் உண்டு. முன்பு அதற்கு 2,000 ரிங்கிட் உச்சவரம்பு இருந்தது. 2024 திருத்தத்தில் அந்த வரம்பும் உயர்ந்துவிட்டது. பழைய 2,000 ரிங்கிட்டேகூடப் பல குடும்பங்களுக்கு ஒரு மாதச் சம்பளம் என்பதை மறக்க வேண்டாம்.

தீ வைத்தது யார் என்பது மட்டும் கேள்வியல்ல

சட்டத்தில் பலரும் அறியாத பகுதி 29B பிரிவு. ஓரிடத்தில் திறந்தவெளி எரிப்பு நடந்தால், அந்த இடத்தைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் உரிமையாளர் அல்லது குடியிருப்பவரே அதைச் செய்ததாகக் கருதப்படுவார். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது. தீக்குச்சியைக் கிழித்தது யார் என்று அதிகாரி தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வீட்டை வாடகைக்கு விட்டவர்கள், காலி நிலம் வாங்கிப் போட்டவர்கள், கோயில் நிர்வாகத்தினர் ஆகியோர் இதைக் கவனிக்க வேண்டும். பூச்சோங்கிலோ சுங்கைப்பட்டாணியிலோ ஒரு துண்டு நிலம் வாங்கி வேலிகூடப் போடாமல் விட்டிருப்போம். யாரோ ஒருவர் பழைய சோபாவை அங்கே கொண்டுவந்து போடுவார். வேறொருவர் அதற்குத் தீ வைப்பார். விளக்கம் கேட்டுக் கடிதம் நமக்கு வரும்.

தப்பிக்க வழியே இல்லையா? உண்டு. நமக்குத் தெரியாமல், நம் சம்மதம் இல்லாமல், நம் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டு அது நடந்தது என்பதையும், அதைத் தடுக்க நியாயமான முன்னெச்சரிக்கைகளை எடுத்திருந்தோம் என்பதையும் தற்காப்பு வாதமாக முன்வைக்க 29C பிரிவு இடம் தருகிறது. ஆனால் வாய்வார்த்தை போதாது. நிலத்தில் வேலி இருக்கிறதா? எரிக்கக் கூடாது என்ற அறிவிப்புப் பலகை இருக்கிறதா? முதல் முறை குப்பை கொட்டப்பட்டபோதே ஊராட்சி மன்றத்திடம் புகார் செய்தீர்களா? போலீஸ் புகார் உண்டா? இவற்றின் நகல்களும் தேதியிட்ட படங்களும்தான் அன்றைக்குக் கைகொடுக்கும்.

ஊராட்சி மன்றம் எங்கே வருகிறது?

சுற்றுச்சூழல் தரச் சட்டத்தை அமல்படுத்துவது சுற்றுச்சூழல் துறை. கூட்டரசு அரசாங்கத்தின் கீழ் இயங்குவது. எரிப்புச் சம்பவங்களை விசாரிக்கும் அதிகாரம் வேறு சில அமலாக்கத் துறையினருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளது. இதற்கு இணையாக, 1976ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தின் (சட்டம் 171) கீழ், பொதுமக்களுக்குத் தொல்லை தரும் செயல்களை நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் அனுப்பவும், துணைச் சட்டங்களின்படி நடவடிக்கை எடுக்கவும் நகராண்மைக் கழகங்களுக்கு அதிகாரம் உண்டு. ஒரே புகைக்கு இரண்டு கதவுகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊராட்சி மன்றத்தின் பங்கு தண்டிப்பதோடு முடிவதில்லை. எரிக்காதே என்று சொன்னால், பிறகு அந்தக் குப்பை எங்கே போவது என்ற கேள்விக்கும் யாராவது பதில் சொல்லியாக வேண்டுமே.

இங்கேதான் மாநிலத்துக்கு மாநிலம் நிலைமை மாறுகிறது. 2007ஆம் ஆண்டின் திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகச் சட்டம் (சட்டம் 672) 2011 செப்டம்பர் முதல் கோலாலம்பூர், புத்ராஜெயா, பகாங், நெகிரி செம்பிலான், மலாக்கா, ஜொகூர், கெடா, பெர்லிஸ் ஆகிய இடங்களில் நடப்பில் உள்ளது. அங்கெல்லாம் குப்பை அள்ளுவது குத்தகை நிறுவனங்களின் வேலை. தென் மாநிலங்களில் எஸ்.டபிள்யூ.எம். என்விரோன்மென்ட், கோலாலம்பூர், புத்ராஜெயா, பகாங்கில் அலாம் ஃபுளோரா, வடக்கே இ-இடாமான். அவற்றை மேற்பார்வையிடுவது எஸ்.டபிள்யூ.கோர்ப். சிலாங்கூர், பேராக், பினாங்கு போன்ற மாநிலங்கள் இந்தச் சட்டத்தில் சேரவில்லை. அங்கே ஊராட்சி மன்றமோ மாநில அரசு நியமித்த நிறுவனமோ இந்தப் பணியைப் பார்க்கிறது. சிலாங்கூரில் அது கே.டி.இ.பி. வேஸ்ட் மேனேஜ்மென்ட்.

சட்டம் 672 நடப்பில் உள்ள மாநிலங்களில் தரைவீட்டுக்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று, 2+1 முறை. வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை. ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள், பழைய மெத்தை, மேசை போன்ற பெரிய கழிவு, தோட்டக் கழிவு. ஆம், முற்றத்து இலையும் வெட்டிய கிளையும் அந்த ஒரு நாளில் அடக்கம். இலையைப் பையில் கட்டி, கிளைகளைத் தூக்கக்கூடிய நீளத்துக்கு வெட்டிக் கயிற்றால் கட்டி, தோங்குக்குப் பக்கத்தில் வைத்தால் லோரி எடுத்துக்கொண்டு போகும். காசு கொடுத்து எரிக்க ஆள் பிடிப்பவர்களுக்கும் இந்த ஒரு நாளைப் பற்றித் தெரியாமல் இருப்பதுதான் வேதனை. உங்கள் வட்டாரத்தில் அது எந்த நாள் என்பதை ஊராட்சி மன்றத்திலோ குத்தகை நிறுவனத்திலோ ஒரு முறை கேட்டுக் குறித்து வைத்துக்கொண்டால் போதும்.

போகி, திமிதி, இறந்தவர் பாய்

நம் சமூகத்தில் இந்தச் சட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே அடுத்து வருவது சமயம். பொங்கல் பானைக்கு அடுப்பு மூட்டக் கூடாதா, ஓமம் வளர்க்கக் கூடாதா என்ற பதற்றம் வந்துவிடுகிறது.

பதறத் தேவையில்லை. எவையெல்லாம் தடையிலிருந்து விலக்கு பெறும் என்பதை 2003ஆம் ஆண்டு வெளியான ஓர் உத்தரவு பட்டியலிடுகிறது. சடலத்தை எரியூட்டுதல், சமயச் சடங்கு, திறந்த வெளியில் சமைத்தல் அல்லது வாட்டுதல் ஆகியவை அதில் இருக்கின்றன. நெல் வயலில் தாள் எரிப்பது போன்ற விவசாயப் பணிகளும் சில நிபந்தனைகளோடு அதில் இடம்பெறுகின்றன. ஆகவே கோயில் ஓமம், திமிதிக் குழி, சுடுகாட்டுச் சிதை, பொங்கல் அடுப்பு இவற்றையெல்லாம் சட்டம் குறிவைக்கவில்லை. புகைமூட்டக் காலத்தில் எரிப்பதற்கு முழுத் தடை அறிவிக்கப்படும்போதும், சடலம் எரியூட்டல், சமயச் சடங்கு, பார்பிக்யூ ஆகியவற்றுக்கு விலக்கு தொடர்வது வழக்கம்.

ஆனால் அந்த விலக்குக்கு ஓர் எல்லை இருக்கிறது. போகியன்று விடியற்காலையில் வீட்டு வாசலில் எரிவது எது? பாட்டி காலத்தில் அது பழைய பாய், கிழிந்த துணி, பனையோலைப் பொருள். இன்று எரிவது நாற்காலியின் பிளாஸ்டிக், ஸ்பாஞ்ச் மெத்தை, சில இடங்களில் டயர். இதைச் சமயச் சடங்கு என்று ஓர் அதிகாரியிடம் வாதாட முடியுமா? முடியாது என்பதே என் கருத்து. வாதாடவும் கூடாது. ஒரு வைக்கோல் பிரியையோ ஒரு பழைய ஓலைத் துடைப்பத்தையோ அடையாளமாக எரிப்பது வேறு, ஆண்டு முழுவதும் சேர்ந்த பெரிய கழிவை ஒரே நாளில் கொளுத்தித் தீர்ப்பது வேறு. அந்தக் கழிவைத்தான் லோரி வாரம் ஒரு முறை இலவசமாக அள்ளிக்கொண்டு போகிறதே.

இறந்தவர் பயன்படுத்திய படுக்கையை எரிக்கும் வழக்கமும் அப்படித்தான். துக்க வீட்டில் இதைப் பேசுவது கடினம். ஆனாலும் சொல்லியாக வேண்டும். பஞ்சு மெத்தையும் கோரைப் பாயும் எரிந்தால் வருவது சாம்பல். இன்றைய ஸ்பாஞ்ச் மெத்தை எரிந்தால் வருவது நச்சுவாயு, அதில் ஹைட்ரஜன் சயனைடும் உண்டு. அன்றைக்கு அந்த வீட்டைச் சுற்றி நிற்பவர்கள் பெரும்பாலும் வயதான உறவினர்கள்தாம்.

கோயில் நிர்வாகங்களுக்கும் ஒரு வார்த்தை. திருவிழா முடிந்ததும் வாடிய மாலை, வாழையிலை, தேங்காய் மட்டை, அவற்றோடு பாக்கெட் தண்ணீர் உறை, போலிஸ்டிரின் பெட்டி என அனைத்தையும் கோயிலின் பின்பக்கம் குவித்து எரிப்பது பல இடங்களில் நடக்கிறது. கருவறை முன் நடப்பதுதான் சடங்கு. பின்பக்கம் நடப்பது குப்பை எரிப்பு. 29B பிரிவின்படி அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்த இடத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் நிர்வாகம். திருவிழாவுக்கு முன்பே ஊராட்சி மன்றத்திடம் பேசி, ஒரு பெரிய குப்பைத் தொட்டியை வரவழைத்துவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

தோட்டத்தில் யார் அள்ளுவது?

மேலே சொன்ன லோரி, கால அட்டவணை, 2+1 எல்லாம் தாமானுக்குச் சரி. தோட்டத்தில் இருப்பவர்கள் இதைப் படித்தால், எங்கள் லயத்துக்கு எந்த லோரி வருகிறது என்று கேட்பார்கள். அவர்கள் கேட்பது நியாயம்.

பல தோட்டங்கள் தனியார் நிலம். நகராண்மைக் கழகத்தின் லோரி பெரிய சாலையோடு நின்றுவிடும். உள்ளே குப்பையை அகற்றும் ஏற்பாட்டைத் தோட்ட நிர்வாகம்தான் செய்ய வேண்டும். தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தையும் வசதிகளையும் வரையறுக்கும் 1990ஆம் ஆண்டுச் சட்டம் 446, அந்தப் பொறுப்பை முதலாளியின் மீதுதான் வைக்கிறது. நல்ல நிர்வாகம் உள்ள தோட்டங்களில் டிராக்டர் முறையாக வந்து அள்ளிச் செல்கிறது. மற்ற இடங்களில் லயத்தின் கோடியில் ஒரு குழி இருக்கும், அது நிரம்பினால் யாரோ தீ வைப்பார்கள். யார் என்று கேட்டால் எல்லாரும் அடுத்த வீட்டைக் காட்டுவார்கள்.

இன்னும் மோசமான நிலை, தோட்டம் கைமாறிய பிறகும் பழைய லயத்திலேயே தங்கிவிட்ட குடும்பங்களுடையது. நிலத்தை வாங்கிய மேம்பாட்டு நிறுவனம் அவர்களைத் தன் ஊழியர்களாகப் பார்ப்பதில்லை. நகராண்மைக் கழகம் அவர்களை மதிப்பீட்டு வரி செலுத்துபவர்களாகப் பார்ப்பதில்லை. குப்பை மட்டும் தினமும் சேர்ந்துகொண்டே இருக்கிறது. இவர்களிடம் போய் எரிக்காதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது பாதி வேலைதான்.

இப்படிப்பட்ட இடங்களில் இருப்பவர்கள் செய்யக்கூடியது, வாய்மொழியாகக் கேட்பதை நிறுத்திவிட்டு எழுத்தில் கேட்பது. லயத்தில் எத்தனை குடும்பம், கடைசியாக எப்போது குப்பை அள்ளப்பட்டது, குழி எங்கே இருக்கிறது என்று ஒரு பக்கக் கடிதம். நிர்வாகத்துக்கு ஒன்று, நகல் ஊராட்சி மன்றத்துக்கும் மாவட்டத் தொழிலாளர் அலுவலகத்துக்கும் சட்டமன்ற உறுப்பினர் சேவை மையத்துக்கும். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்க மறக்காதீர்கள். நாளைக்கே அந்தக் குழியில் தீப்பிடித்து விசாரணை வந்தால், அது யார் பொறுப்பு என்பதைச் சொல்ல அந்த முத்திரை போட்ட நகல் இருக்கும்.

விவசாயக் கழிவை எரிப்பதற்கு விலக்குப் பட்டியலில் இடம் இருக்கிறதே என்று எண்ணி, கொல்லைக் காய்கறித் தோட்டத்தைத் தீயிட்டுத் துப்புரவு செய்பவர்களும் உண்டு. அந்த விலக்குகள் நிபந்தனைகளோடு வருபவை. காற்றின் தரம் கெட்டால் அவை நிறுத்திவைக்கப்படும். உங்கள் நிலத்துக்குப் பொருந்துமா என்று மாநிலச் சுற்றுச்சூழல் துறை அலுவலகத்தில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகுதான் தீப்பெட்டியைத் தொட வேண்டும். முக்கியமாகக் கடலோரச் சிலாங்கூரில். கிள்ளானின் ஜொஹான் செத்தியா போன்ற இடங்களில் இருப்பது மட்கிய தாவரங்களால் ஆன கரிமண். மேலே தீ அணைந்துவிட்டது போலத் தெரியும். அடியில் நாள்கணக்கில், சில வேளைகளில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். காற்றுத் தூய்மைக்கேட்டுப் பட்டியலில் அந்த வட்டாரத்தின் பெயர் அடிக்கடி மேலே வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2005 ஆகஸ்டில் கோல சிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் குறியீடு 500ஐத் தாண்டி, அவசரநிலை அறிவிக்கப்பட்டது. 2013 ஜூனில் அதே நிலை மூவாருக்கும் லேடாங்குக்கும் வந்தது. அந்தப் புகையில் பெரும்பகுதி கடல் கடந்து வந்தது என்பது உண்மை. அதற்காக உள்ளூர்ப் புகை கணக்கில் சேராமல் போகாது.

இங்கே ஒரு முரணையும் சொல்ல வேண்டும். பெரிய செம்பனைத் தோட்டங்கள் இன்று மறுநடவின்போது பழைய மரங்களை எரிப்பதில்லை. மரத்தைச் சாய்த்து, துண்டு துண்டாகச் சீவி, நிரைகளுக்கு நடுவே மட்க விடுகிறார்கள். வெட்டிய ஓலையையும் நிரைகளுக்கிடையே அடுக்குகிறார்கள். காரணம் சட்டம் மட்டுமல்ல, அது மண்ணுக்கு உரம், ஈரத்துக்குப் போர்வை. ஓலை அடுக்கும் வேலையைப் பகலில் செய்துவிட்டு வரும் அதே தொழிலாளிதான் மாலையில் தன் முற்றத்து இலைக்குத் தீ வைக்கிறார்.

சாம்பல் செடிக்கு நல்லது என்று பாட்டிமார் சொன்னதில் தவறில்லை. சாம்பலில் பொட்டாசியம் இருக்கிறது. ஆனால் இலையில் இருந்த நைட்ரஜன் புகையோடு போய்விடுகிறது. முழங்கால் ஆழத்தில் ஒரு குழி வெட்டி, இலையும் காய்கறித் தோலும் போட்டு, மேலே ஒரு கைப்பிடி மண் தூவி வந்தால், சில மாதங்களில் கத்தரிக்கும் வெண்டைக்கும் வேண்டிய உரம் கிடைக்கும். ஒரு முருங்கை, ஒரு வாழை இருந்தால் அதன் அடியிலேயே இலையைக் கொட்டிவிடலாம். அதைவிடச் சுலபமான வழி இல்லை.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. தேங்காய்ச் சிரட்டை, மட்டை, உடைந்த பிளாஸ்டிக் டப்பா. இவற்றைக் குவித்து வைத்தால் மழைநீர் தேங்கும், ஏடிஸ் கொசு முட்டையிடும். சுகாதார அதிகாரி வந்தால் 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் 500 ரிங்கிட் கொம்பாவுண்ட். எரித்தால் ஒரு சட்டம், எரிக்காவிட்டால் இன்னொரு சட்டமா என்று மக்கள் அலுத்துக்கொள்வதில் ஆச்சரியமில்லை. சிரட்டையை நொறுக்கிக் குழியில் போடலாம், அல்லது கவிழ்த்து வைத்துக் குப்பை எடுக்கும் நாளில் கொடுக்கலாம். கொசுவை விரட்டப் புகை போடுவதாகச் சொல்பவர்களுக்கும் இதுவே பதில். புகை அடங்கினால் கொசு திரும்பி வரும். தேங்கிய நீரைக் கொட்டினால்தான் அது பிறக்காது.

கலக்கவே கூடாதவை சில. உரப்பை, களைக்கொல்லிக் கலன், மின்கம்பி. பூச்சிமருந்துக் கலனில் ஒட்டியிருக்கும் நஞ்சு தீயில் அழிந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. அது புகையோடு நம் மூக்குக்கு வருகிறது. தோட்டத்துக் கலன்களை மூன்று முறை அலசி, துளையிட்டு, நிர்வாகத்திடமே திருப்பித் தர வேண்டும். பழைய ஒயரின் ரப்பரை எரித்துச் செம்பு எடுத்து விற்பவர்களும் இருக்கிறார்கள். பி.வி.சி. எரியும்போது டையாக்சின் உண்டாகிறது. அது உடலின் கொழுப்பில் தங்கி, எளிதில் வெளியேறாத நஞ்சு.

பக்கத்து வீட்டுப் புகைக்கு என்ன செய்வது?

கைப்பேசியில் ஐபியு பார்த்தால் 55 என்று காட்டுகிறது, மிதமான நிலை, பிறகேன் மூச்சு முட்டுகிறது? இப்படிக் கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு என்னும் ஐபியு, நாடு முழுவதும் உள்ள 60க்கும் மேற்பட்ட நிலையங்களில் அளக்கப்படுகிறது. 50 வரை நல்ல நிலை, 100 வரை மிதம், 200 வரை சுகாதாரமற்றது, 300 வரை மிகவும் சுகாதாரமற்றது, அதற்கு மேல் அபாயம். உங்கள் சந்தில் எரியும் ஒரு குவியலை, பல கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நிலையம் காணாது. உங்கள் பிள்ளையின் இழுப்பு நோய்க்கு அந்தக் குவியல்தான் முதல் காரணமாக இருக்கக்கூடும். இலைப் புகையில் இருப்பதும் தூர தேசத்துப் புகைமூட்டத்தில் இருப்பதும் அதே நுண்துகள்தான், 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறியது, மூச்சுக்குழாயைத் தாண்டி நுரையீரலின் அடி வரை போகக்கூடியது.

புகார் செய்வதில் நமக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. பக்கத்து வீட்டு அக்கா, தினமும் முகம் பார்க்க வேண்டும். ஒரே லயத்தில் வளர்ந்தவர்கள். எனவே முதலில் வேலிப் பக்கம் நின்று பேசிப் பாருங்கள். சட்டப் பிரிவைச் சொல்லி ஆரம்பிக்க வேண்டாம். வீட்டில் ஆஸ்துமா இருக்கிறது, குழந்தை இருமுகிறது, லோரி வரும் நாள் இது, நான் கட்டி வைக்க உதவுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். பல இடங்களில் அதோடு முடிந்துவிடும். தாமான் ருக்குன் தெதாங்கா மூலமாகப் பேசுவதும் ஒரு வழி.

பேசியும் நிற்கவில்லை, அல்லது எரிவது பெரிய குவியல், டயர், ஒயர், தொழிற்சாலைக் கழிவு என்றால் தயங்கத் தேவையில்லை. தீ பரவும் ஆபத்து இருந்தால் உடனே 999ஐ அழைத்துத் தீயணைப்பு மீட்புத் துறையைக் கேளுங்கள். மற்றபடி சுற்றுச்சூழல் துறையின் கட்டணமில்லா எண் 1-800-88-2727. ஊராட்சி மன்றத்தின் புகார்ப் பிரிவிலும் பதிவு செய்யலாம்.

அழைக்கும்போது இடத்தின் முழு முகவரி, அல்லது பக்கத்தில் உள்ள மின்கம்ப எண், எரியத் தொடங்கிய நேரம், என்ன எரிகிறது, இதற்கு முன் எத்தனை முறை நடந்தது ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். தூரத்திலிருந்து எடுத்த படமோ காணொளியோ இருந்தால் நல்லது. அதற்காகத் தீக்கு அருகில் போகவோ, எரிப்பவரோடு வாக்குவாதம் செய்யவோ வேண்டாம். புகார் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் பதில் வராவிட்டால் அந்த எண்ணைச் சொல்லி மறுபடியும் அழைக்கலாம்.